அரியலூர் பஸ்ஸில் ஒரு அட்வான்டேஜ்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மழை பிடித்துக்கொண்டது. அரியலூர் பஸ்ஸில் ஓடி ஏறி, ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி உட்கார்ந்தாள் இலக்கியா. பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வீடு திரும்புகிறாள். மடியில் ஆங்கிலப் புத்தகம்.

எதிர் வரிசை இளைஞன் அந்தப் புத்தகத்தையே பார்த்தான். அவன் இமைகளில் மழைத்துளி... கண்களில் பயம். தொண்டையைச் செருமினான்.

"மேடம்... கேன் ஐ டேக் அட்வான்டேஜ் ஆஃப் யூ?"

"என்னய்யா சொன்ன? செருப்பு பிஞ்சிடும்!"

பஸ்ஸே திரும்பியது.

"ஐயோ, உங்ககிட்ட இங்கிலீஷ் பேசிப் பழகிக்கலாமான்னு கேட்டேங்க! அப்படின்னா பயன்படுத்திக்கிறதுன்னுதானே கிளாஸ்ல சொன்னாங்க?"

இலக்கியாவுக்குப் புரிந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. "நேரம், வாய்ப்பு, தள்ளுபடி... இதுக்கெல்லாம் சொன்னா நல்ல அர்த்தம். ஆளைச் சொன்னா, அவங்களை ஏமாத்தி லாபம் பாக்கறது. பொண்ணுகிட்ட சொன்னா... அதைவிட மோசம்!"

யாரோ சிரித்தார்கள். அவன் அடுத்த நிறுத்தத்திலேயே, கொட்டும் மழையில் இறங்கிப் போனான்.

"தர்மன் தங்கமான புள்ளம்மா. நம்ம அரியலூர்தான்," என்றார் கண்டக்டர். "சிமென்ட் பேக்டரில வேலை. புது மேனேஜர் வடக்கத்தி ஆளாம்... அதான் சனிக்கிழமையானா இங்கிலீஷ் கிளாஸுக்கு வருது."

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்... 'வார்த்தைதானே தப்பு, மனசு இல்லையே. நான் ஏன் அப்படிக் கத்தினேன்?' தேடிப் போய் மன்னிப்புக் கேட்க ரோஷம் விடவில்லை. கண்கள் மட்டும் தேடின.

ஒருநாள் பழக்கடை ஓரமாக நின்று, வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தான். ரோஷமாவது ஒன்றாவது... நேரே போனாள்.

"கிளாஸுக்குப் போறதில்லையா?"

"போறேங்க. ஆனா வாயைத் தொறந்தாலே பயமாயிருக்கு."

"அன்னிக்கு நான் கத்தினது தப்புங்க. மன்னிச்சிடுங்க... வாங்க, பேசிக்கிட்டே போவோம்."

அதன்பின் சனிக்கிழமைகளுக்காகவே வாரம் நகர்ந்தது. அவன் இங்கிலீஷ் தடுக்கி விழும். அவள் சிரித்துத் தூக்கிவிடுவாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது.

"மேனேஜர்கிட்ட நானே சரளமா பேசறேங்க. ஷிஃப்ட் பொறுப்பு குடுத்துட்டாரு!" என்றான் ஒருநாள்.

சந்தோஷந்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ கனத்தது. "அப்ப... இனி கிளாஸ் வேணாம்ல?"

"கிளாஸ் தீபாவளியோட முடிஞ்சிடுச்சுங்க."

"பின்ன எதுக்கு வாராவாரம் பெரம்பலூர் வரீங்க?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்ககூட திரும்பி வரத்தான்... உங்களைப் புடிச்சிருக்குங்க."

ஜன்னல் பக்கம் திரும்பியவளின் காதுமடல் சிவந்தது.

"எனக்கும்தான்... சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எப்பவோ நின்னுபோச்சு."