பச்சைக் கோட்டின் வயது

கடைக்குள் வந்த பெண் உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு பச்சைக் கோட்டை உருவி மேசைமேல் எறிந்தாள்.

“இதுக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க. இதை வெட்டினது நானில்லைன்னும் நிரூபிங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

பழைய உடைகளைப் பார்த்து வயது சொல்வது கடைக்கார அம்மாளின் தொழில். கையில் எப்போதும் லென்ஸ் இருப்பதால் தெருவே அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்லும். அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மனைவியின் கடையில் துப்பறிந்துகொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

“முழுசாச் சொல்லும்மா,” என்றார் பூதக்கண்ணாடி.

“என் வீட்டுக்காரர் லாரி ஓட்டறார். நான் ரெண்டாம் தாரம். மூத்தவ செத்துப் போயிட்டா. இது அவளோடதாம். அவ அம்மா போர்க்காலத்துல பட்டாளத்துக்கு லாரி ஓட்டினவங்களாம். அவங்க கோட்டைத்தான் மூத்தவ போட்டுக்கிட்டுத் திரிஞ்சாளாம். நான் ஒரு தட்டை உடைச்சாப் போதும், என் நாத்தனார் இதை எடுத்து வெயில்ல போட்டு, ‘அவ இதைப் போட்டுக்கிட்டு நடந்தா தெருவே திரும்பிப் பார்க்கும்’னு பெருமூச்சு விடுவாங்க.”

“பொறாமையா இருக்குமே?” கண்டக்டர் முந்திக்கொண்டார்.

“இருக்குமாவா? பத்திக்கிட்டு எரியும். உயிரோட இருக்கறவளா இருந்தா சண்டை போடலாம், செத்தவளை என்ன பண்றது? யாரும் இல்லாதப்போ இதை முகர்ந்துகூடப் பார்த்திருக்கேன். ஒரு வாசனையும் இல்லை. செத்தும் எவ்வளவு சுத்தமா இருக்கா பாருங்க!”

போன வாரம் நூலகத்தில் பழைய உடைகளின் கண்காட்சி என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மூத்தவளின் கோட்டைக் கொடுக்கலாம் என்று லாரிக்காரர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில், உள்பக்கம் வெட்டுப்பட்டுக் கிடந்த கோட்டை நாத்தனார் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்பி வரவே வேண்டாம் என்பது அவருடைய தீர்ப்பு.

“வெட்டணும்னு நினைச்சதுண்டா?” என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

“தினமும். ஆனா வெட்டலை.”

“எனக்குப் புரிஞ்சு போச்சு,” என்றார் கண்டக்டர்.

“உங்களுக்குப் புரிஞ்சது போதும். தீப்பெட்டியை எடுங்க.”

பூதக்கண்ணாடி தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். நூல் சுருங்கி, உருகி, கடுகு போல உருண்டுகொண்டது. பொன்னிறப் பட்டன் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தோள்பட்டியை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. பட்டியும் பட்டனும் சேர்த்தே தைக்கப்பட்டிருந்தன. முழங்கைகள் வெளுக்கத் தேய்ந்திருந்தன, ஆனால் அக்குள் பக்கத்து உள்துணியில் ஒரு கறைகூட இல்லை. வெட்டு இருந்தது ஒரே இடத்தில்தான். இடதுபக்கம், பைக்குக் கீழே, தையலோடு சேர்த்துக் கையகலத் துணி எடுக்கப்பட்டிருந்தது. கத்தரி ஓரத்தில் தடுமாற்றமே இல்லை.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம்,” என்றார்.

மறுநாள் லாரிக்காரரின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் தப்பி ஓடிவிடக் கூடாதென்று கண்டக்டர் வாசற்படியில் நின்றுகொண்டார். ஓட யாருக்கும் உத்தேசம் இருந்ததாகத் தெரியவில்லை.

“இது பட்டாளத்துக் கோட்டு இல்லை,” என்று ஆரம்பித்தார் பூதக்கண்ணாடி. “பட்டாளத்து மாதிரியில பொம்பளைங்களுக்குன்னு இப்போ கடையில விக்கற கோட்டு. நிஜக் கோட்டுல தோள்பட்டி அவிழும், அதுல பதவிப் பட்டையை மாட்டணும். இது வெறும் அலங்காரம். அந்தக் காலத்துப் பருத்தி நூலை எரிச்சா சாம்பலாகும், இது உருகுது. பித்தளைப் பட்டன் கன்னத்துல சில்லுனு படும், இது பூச்சு போட்ட பிளாஸ்டிக். முழங்கை தேயற அளவுக்கு ஒருத்தி போட்டிருந்தா அக்குள்ல வேர்வைக் கறை இருக்கணும். இதை யாரும் போட்டதே இல்லை.”

லாரிக்காரர் முகம் சுண்டிப் போனது. “அப்போ வெட்டினது?”

“பொறாமையில வெட்டறவ முதுகைக் கிழிப்பா, பட்டனைப் பிய்ப்பா. நாலு பேர் கண்ணுல படணும்ல? இங்கே வெட்டினது உள்ளே, பைக்குக் கீழே. எப்படித் துவைக்கணும்னு அச்சடிச்ச லேபிளை இந்தக் காலத்துக் கோட்டுல அங்கேதான் தைப்பாங்க. கண்காட்சியில யாராவது அதைப் படிச்சிட்டா குட்டு உடைஞ்சிடும். உங்க சம்சாரம் இது மூத்தவளோடதுன்னு நம்பி வெந்துக்கிட்டிருந்தாங்க. நம்பறவங்களுக்கு லேபிள்மேல என்ன கோபம்? இது புதுசுன்னு தெரிஞ்சவங்கதான் வெட்டியிருக்கணும்.” லாரிக்காரரைப் பார்த்தார். “மூத்தவங்க இதைப் போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?”

“நான் மாசத்துல பாதி நாள் ரோட்டுலதானே? அக்கா சொல்லுச்சு... பச்சைக் கோட்டு ஒண்ணு... இருந்திருக்கும்.”

“அவ பச்சையே போட மாட்டாடா!”

கத்தியது அவருடைய அக்கா. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், அடக்க முடியாமல் எழுந்தே விட்டார்.

“நான்தான் சந்தையில வாங்கினேன். முழங்கையை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன். லேபிளையும் நான்தான் வெட்டினேன். பழி இவமேல விழும்னு தெரிஞ்சேதான் கொண்டுவந்து விரிச்சேன். அவ அம்மா லாரி ஓட்டினது நிஜம், அந்தக் கதையை எனக்குத்தான் சொல்லுவா. உன்கிட்ட சொன்னா நீ தூங்கிடுவே. அவ செத்த வருஷமே அவ துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துட்டு இவளைக் கூட்டிட்டு வந்தே. அவ நடந்த வீட்டுல இவ சிரிச்சுக்கிட்டு நடக்கறதைப் பார்த்து வயிறு எரிஞ்சுது. ஆமா, பொறாமைதான். அவளுக்காகப் பட வேற யாரு இருக்கா?”

இரண்டாம் மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன போட்டிருந்தேன்?”

லாரிக்காரர் விட்டத்தைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார்.

“பச்சையா?” என்றார்.

“ஊதாச் சட்டை,” என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி. “மூணாவது பட்டனை மட்டும் கறுப்பு நூல்ல தச்சிருந்தே. வழியில அழுதிருப்பே போல, கண்ணு வீங்கியிருந்துது. எனக்குப் பிடிக்கலை. பிடிக்காமதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் நாற்காலியை நாத்தனாரின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க லாரியை எடுங்க,” என்றாள் கணவரிடம். “இந்த வீட்டை விட்டு யாராவது போகணும்னா இன்னைக்கு அது நீங்கதான். அண்ணி, அவ நிஜமா என்ன கலர் போடுவா? சொல்லுங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சாகணும்.”