நலம்னு அமுக்கிடு

கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்ற கால்கள். கணுக்கால் எங்கே முடிகிறது என்றே தெரியாத அளவுக்கு வீங்கிக் கிடந்தன. மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். அறை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது, எழுந்து விளக்கைப் போட அவளுக்குத் தெம்பில்லை. அவள் புருஷன் வீடு திரும்புவது தெருவுக்கே தெரியும். வாசலில் இரண்டு முறை முறுக்கி உறுமவிட்டால்தான் அவருக்கு வண்டியை நிறுத்திய திருப்தி. சிநேகிதர்கள் 'ராக்கெட்' என்று பட்டம் கொடுத்து உசுப்பேற்றியே கெடுத்துவைத்திருந்தார்கள். இருபது வருஷமாக ஓட்டுகிறாராம், உடம்பில் ஒரு கீறல் கிடையாதாம். ஈர ரோட்டில் முழங்கால் உரச வளைவெடுத்துவிட்டு அதையும் வந்து பெருமையாகச் சொல்கிற மகராசன்.

"என்னங்க, வண்டிய தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ம்."

அந்த 'ம்' ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது. கண்ணைத் திறந்தாள். எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கையுறையைக் கழற்றவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும் நசுங்கிய பச்சை இலை வாடையும் சேர்ந்து அறைக்குள் வந்திருந்தன.

"தலைய துவட்டுங்க முதல்ல. சளி பிடிச்சா நான்தான் பாக்கணும்."

அவர் அசையவில்லை. சோபாவின் கைப்பிடியில் கிடந்த போன் அலறியது.

சனியன், மறுபடியுமா. நாத்தனார் பயந்துபோய் அண்ணனின் ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போன சென்சார் வில்லையின் வேலை அது. வண்டி விழுந்தால் அதற்குத் தெரிந்துவிடும். இவள் போனில் வந்து 'நலமா?' என்று கேட்கும். திரையில் ஒரு சிவப்பு வட்டம் சுருங்கும். அது மூடுவதற்குள் 'நலம்' என்று அமுக்காவிட்டால் ஆம்புலன்ஸைத் தானே கூப்பிட்டுவிடும். வேகத்தடைகளில் எகிறிக் குதிக்கிறவருக்கு அது நாளெல்லாம் அலறியது. ஒருமுறை கடையில் கூட்டம், இவள் கவனிக்கவில்லை. சிநேகிதர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்த ராக்கெட்டின் முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மானம் போய்விட்டதென்று குதித்தார். பேச்சுவார்த்தையே நின்றுபோய், பிறகு ஒரே உத்தரவாக வந்தது: "எனக்கு ஒண்ணும் ஆகாது. சத்தம் வந்தா யோசிக்கவே யோசிக்காத. நலம்னு அமுக்கிடு."

அன்றிலிருந்து பார்க்காமலே அமுக்கப் பழகியிருந்தாள். சற்று முன்பு கண் சொருகிக்கொண்டு வந்தபோதும் ஒருமுறை அலறியது. அமுக்கிவிட்டுத் தூங்கிப்போனாள்.

இப்போதும் கட்டைவிரல் தானாகப் போனது. போன விரல் நின்றது. திரையில் வழக்கமான வாசகம் இல்லை.

'அசைவு இல்லை. நலமா?'

கீழே வரைபடம். புள்ளி வீட்டில் இல்லை. பாலத்துக்கு அப்பால், ரோடு வளைந்து இறங்கும் இடத்தில் இருந்தது.

எதிரே பார்த்தாள். ஹெல்மெட் அவளையே பார்த்தபடி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டினால்தான் தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவருடைய எண்ணுக்குப் போட்டாள். நாற்காலிப் பக்கம் எந்த மணியும் அடிக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது பேசுவதற்காக அவர் ஹெல்மெட்டுக்குள் வைத்திருக்கும் ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே அழைப்பை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டது. காதில் மழை. இலைகள் மேல் விழுகிற மழை. அதற்குள் ஒரு மூச்சு, இழுத்து இழுத்து.

"...ம்மா... கால் அசைய மாட்டேங்குது." அவர் குரல். அவரேதான். "ரொம்ப நேரமா கிடக்கேன். ஏன் யாரும் வரல?"

ஐயோ, நான்தானே. நான்தானே அமுக்கினேன்.

"யாரு போன்ல?" என்று கேட்டது நாற்காலியில் இருந்தது. அதுவும் அவர் குரல்தான்.

வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வட்டம் மூடும், ஆம்புலன்ஸ் கிளம்பும், அவர் பிழைத்துக்கொள்வார். போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாளிக்குள் கால்கள் மரத்துப்போயிருந்தன. அவற்றை எழுந்து ஓடச் சொன்னாள். கேட்கவில்லை.

அது எழுந்தது.

நடந்து வந்த சத்தம் இல்லை. சொட்டும் சத்தம்தான் கிட்டே வந்தது. ஈரக் கையுறை அவள் கையைப் பற்றியது. முரட்டுத்தனமே இல்லை. அலுத்துப்போன மனுஷன் பெண்டாட்டி கையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தது.

"உனக்கும் அலுப்பு. எனக்கும் அலுப்பு," என்றது. "நலம்னு அமுக்கிடு."

"மாட்டேன். விடுங்க... விடு!"

"நீ நலம்னு சொன்னதாலதானே நான் வந்தேன்."

அவள் கட்டைவிரலைப் பிடித்து, குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல், அது திரையில் வைத்து அழுத்தியது.

வட்டம் மறைந்தது.

"ம்மா?" என்றது போனில் இருந்த குரல். "அனுப்பிட்டியா? யாராவது..."

மறுபடி அலறல். 'அசைவு இல்லை. நலமா?' விரல். அழுத்தம். மறுபடி. விரல். அழுத்தம். அவள் கத்தினாள், மழை அதை வெளியே விடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மூச்சு கொஞ்சம் தூரமாகப் போனது. மழை மட்டும் கிட்டேயே இருந்தது.

பிறகு மழை மட்டும்தான்.

போன் அலறவில்லை.

"அவ்வளவுதான். இனிமே கேக்காது," என்றது அது. அவள் கையை விட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தது. தாடைக்குக் கீழே வாரைத் தேடியது. 'க்ளிக்' என்று கழன்றது. இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பியது.

"பாரு. எனக்கு ஒண்ணும் ஆகல."

ஒரு கீறல்கூட இல்லை. கண்ணும் இல்லை. வாயும் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே ஈர வழவழப்பு, அவள் தோளில் சாய்ந்தது.