பம்ப் இருக்க வேண்டிய இடம்

"எந்த முட்டாள் இந்த பெட்ரோல் பம்பைக் கொண்டுவந்து இங்க வெச்சான்?"

மேட்டில் நின்றுபோன காரின் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டுவிட்டாள் அந்த மெக்கானிக் பெண். கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்... அந்தக் கண்களைப் பார்த்தாள். இமையோரம் மழைத்துளி நிற்க, கோபமே இல்லாமல், அடிபட்ட மாதிரி பார்த்த கண்கள்.

"என் தம்பி," என்றான் அவன். "இப்ப அவன் இல்லைங்க. போன வருஷம்..."

பானெட்டை மெதுவாக, தூங்குகிறவர் அறைக் கதவைச் சாத்துவது போலச் சாத்தினான். வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். இஞ்சின் சூடு தணிந்ததும், யாரும் எதையும் தொடாமலே வண்டி கிளம்பியது. போயே போய்விட்டான்.

மேட்டின் உச்சியில் இருந்த அந்த ஒர்க் ஷாப்பை அக்காவும் தங்கையுமாக நடத்திவந்தார்கள். தங்கைக்கு ஊர் வைத்த பெயர் ஸ்பேனர். கை வேலைக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி. அன்று அந்த வாய்தான் அவளுக்கு எதிரியானது.

"கணக்கு வாத்தியாராம்டி. பள்ளிக்கூடம் பக்கத்துலதான்," என்றாள் அக்கா. "போய் ஒரு மன்னிப்பு கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அது தப்பான இடம்தானே?" என்று வீம்பாகப் பேசிவிட்டாள். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எந்த நட்டை முடுக்கினாலும் அந்தக் கண்கள்தான்...

நான்காம் நாள், மாலை மழையில், அதே பழைய கார் அதே மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. அவன் இறங்கவில்லை. கண்ணாடி வழியே அவன் உதடுகள் அசைவது தெரிந்தது. வீம்பைக் கடையிலேயே விட்டுவிட்டுக் குடையோடு ஓடினாள்.

"அன்னிக்குப் பேசினது தப்புங்க. மன்னிச்சிடுங்க..." மூச்சிரைத்தது. "போன்ல இருக்கீங்களா? அப்புறம் வரட்டுமா?"

"போன் இல்லைங்க." கண்ணாடியை இறக்கினான். சற்றுத் தயங்கினான். "தம்பிகிட்ட பேசிட்டிருந்தேன். வண்டி நின்னா அரை மணி நேரம் வேற வேலை இல்ல பாருங்க... அப்ப மட்டும் பேசுவேன். வீட்ல பேசினா அம்மா அழுவாங்க."

ஒரு கோளாறைக் கண்டால் சும்மா விடாத அவள் கை, முதல் முறையாகப் பின்வாங்கியது. "அப்ப நான் தொடலைங்க. அது அங்கயே இருக்கட்டும்."

"இல்லைங்க. இப்பப் பின்னாடி வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு. அம்மாவுக்கு இனி நான் ஒருத்தன்தான்." கதவைத் திறந்து இறங்கினான். "மாத்திடுங்க."

இருவருமாக வண்டியைத் தள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். "இந்தப் பம்ப் தள்ளுற ஜாதிங்க, இழுக்குற ஜாதி இல்ல," என்றாள், அவன் மனத்தைத் திருப்புவதற்காக. "டேங்க் பின்னாடி இருக்கு. இவ்ளோ தூரம் உறிஞ்சிக்கிட்டு இஞ்சின் சூட்டுல உக்காந்திருந்தா, பெட்ரோல் வழியிலேயே ஆவியாயிடும். பம்ப் வெறுங்காத்தை மெல்லும், இஞ்சினுக்கு ஊட்டுற கார்புரேட்டர் பட்டினி கிடக்கும். டேங்குக்குப் பக்கத்துல, அதைவிடக் கொஞ்சம் தாழ்வா வெச்சோம்னா, பெட்ரோல் தானா இறங்கி வரும். இது பாட்டுக்கு முன்னாடி தள்ளிட்டே இருக்கும்."

"வகுப்பெல்லாம் நல்லாத்தான் எடுக்கறீங்க, டீச்சர்," என்றான். அவன் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான்.

காரின் பின்பக்கத்துக்கு அடியில் படுத்து விளக்கைத் திருப்பினாள். அப்படியே உறைந்துபோனாள். டேங்கின் ஓரத்துச் சட்டத்தில், சரியாக ஒரு சாண் தாழ்வாக, இரண்டு துளைகள் போடப்பட்டிருந்தன. துரு ஏறாமல் ஓரத்தில் பெயின்ட். இரண்டிலும் போல்ட், ரப்பர் வாஷரோடு, கிரீஸ் தடவி, கையால் முடுக்கித் தயாராக நின்றது. அவளே செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. தெரியாமல் செய்தவன் இல்லை அந்தப் பையன். எல்லாம் தெரிந்தவன். கிடந்தபடியே அவளுக்குக் கண்ணீர் காதோரம் வழிந்தது.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க..." என்றாள்.

பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கு எனக்குப் பரீட்சை டூட்டி. அரை மணியில கிளம்பணும், எப்படியாவது ஓட வைடான்னு கத்தினேன். 'இப்போதைக்கு முன்னாடி மாட்டறேண்ணா, ஞாயித்துக்கிழமை பின்னாடி மாத்தித் தரேன்'னான். வெள்ளிக்கிழமை காய்ச்சல்னு படுத்தான்... எழுந்திருக்கவே இல்ல." முகத்தை மூடிக்கொண்டான். "முட்டாள் அவன் இல்லைங்க. நான்தான்."

அவள் முன்னாலிருந்து பம்பைக் கழற்றி, கூடுதல் குழாய் இழுத்து, அந்தத் தம்பி வைத்துவிட்டுப் போன இரண்டு போல்ட்டிலேயே மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து சீராக ஒரு டக் டக் சத்தம் கேட்டது. இஞ்சின் ஒரே பிடியில் கிளம்பி, ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை.

"இனிமே வழியில நிக்காதுங்க." என்றபடி கையைத் துடைத்தாள். சரியாகச் செய்த வண்டி திரும்பி வராது என்பதுதான் அவள் தொழிலுக்குப் பெருமை. இன்று அந்தப் பெருமையே வேண்டாம் போலிருந்தது.

அவன் இஞ்சினை நிறுத்தி இறங்கினான். சாவியை விரலில் சுற்றியபடி நின்றான். "இனிமே அவன்கிட்ட எங்கங்க பேசுவேன்?"

அக்கா உள்ளே எதையோ மும்முரமாகத் தேடுவது போல் நடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க," என்றாள் ஸ்பேனர். "என்கிட்ட பேசுங்க. அவரைப் பத்தியே பேசுங்க, நான் கேக்கறேன். அழுதாலும் பரவாயில்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த நாலு நாள்ல மூணு தடவை வண்டி நின்னுச்சு. மூணு தடவையும் அவன்கிட்ட உங்களைப் பத்தித்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவன்தான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறானே..." என்றான். சிரிக்கப் போய், அழுதுவிட்டான். எண்ணெய்க் கறை என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.