கூடுதல் நேரம்

முதல் நாளே ஏழு நிமிடம் அதிகமாக இருந்தது.

எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்த பிறகுதான் ஜெர்சன் தன் வலைப்பதிவில் அதைப் பற்றி எழுதுவான். விளம்பரம் வாங்கமாட்டான். அதனாலேயே நானூறு பேர் அவன் சொல்லை நம்பினார்கள். 2008 ஜூலையில் அவன் கைக்கு வந்தது, கணினி முன்னால் ஒருவர் உண்மையில் எவ்வளவு நேரம் வேலை பார்க்கிறார் என்று அளக்கும் மென்பொருள். விசைப்பலகையோ மவுஸோ அசைந்தால் கடிகாரம் ஓடும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் ‘இருக்கிறீர்களா?’ என்று திரையில் ஒரு பெட்டி வரும். ‘ஆம்’ என்று அழுத்தாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். ஜெர்சன் உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நோட்டில் மூன்று மணி பத்து நிமிடம். திரையில் மூன்று பதினேழு.

மறுநாள் இருபத்திரண்டு நிமிடம் கூடியது. அதற்கடுத்த நாள் ஐம்பது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினான். பயனில்லை. எரிச்சலில், அதை உருவாக்கிய ரவிசங்கருக்கு அதன் பதிவுக் கோப்பை அனுப்பிவிட்டுப் போன் போட்டான்.

“தம்பி, நான் பார்க்காத வேலையெல்லாம் பார்த்ததா காட்டுது உங்க சாஃப்ட்வேர்.”

“முப்பது பேரு ஓட்டிப் பார்த்துட்டாங்கண்ணே, ஒருத்தரும் இப்படிச் சொல்லல. நீங்க அனுப்புன பதிவுக் கோப்பைப் பார்த்தேன். கூடுதலா வர்ற நேரம் பூராம் யாரோ ‘ஆம்’னு அழுத்துனதாலதான் ஓடியிருக்கு. வீட்ல வேற யாரும் தொடுறாங்களாண்ணே?”

“நானும் எஸ்தரும்தான். அவ அந்தப் பக்கமே வரமாட்டா.”

“திங்கக்கிழமை வெளியிடுறேண்ணே. இருந்த வேலைய விட்டுட்டுச் செஞ்சது. கொஞ்சம் பார்த்து எழுதுங்க.”

பார்த்து எழுத என்ன இருக்கிறது? நேரத்தைச் சரியாகக் காட்டத் தெரியாத கடிகாரம். ஆனாலும் ஒருவனுடைய பிழைப்பு என்பதால், சனிக்கிழமை கடைசியாக ஒரு சோதனை வைத்தான். காலை பத்து மணிக்கு மென்பொருளை ஓடவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, பசுமலையிலிருந்து பஸ் ஏறித் திருமங்கலத்தில் ஒரு நண்பனைப் பார்க்கப் போய்விட்டான். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி எஸ்தரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

திரும்பும்போது நாலரை தாண்டிவிட்டது. எஸ்தர் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வெளிய போனீங்க?”

“காலைலயே போயிட்டேனே.”

“விளையாடாதீங்க. இப்ப வரைக்கும் உள்ள டைப் அடிச்சிட்டுத்தான இருந்தீங்க? சாப்பிட வாங்கன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். ‘ம்’முன்னு மட்டும் சொன்னீங்க. தட்டக் கொண்டாந்து கதவுகிட்ட வச்சேன்.” சிரித்தாள். “அம்புட்டுச் சோத்தையும் முடிச்சிட்டீங்க இன்னைக்கு.”

அவளிடம் கோபப்பட வாயெடுத்தவன், தொட்டியில் கிடந்த தட்டைப் பார்த்தான். ஒரு பருக்கை இல்லை. அவன் எப்போதும் ஒதுக்கி வைக்கும் கறிவேப்பிலை இல்லை. முருங்கைக்காய்ச் சக்கைகூட இல்லை.

நேராக அறைக்குப் போனான்.

கதவைத் திறந்ததும், ஜன்னலே திறக்காத பஸ்ஸில் நாள் முழுக்க யாரோ உட்கார்ந்திருந்ததைப் போன்ற வெதுவெதுப்பான வியர்வை நெடி முகத்தில் அடித்தது. அதற்கடியில் சாம்பார் வாசனையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், அவன் அறியாத ஏதோ ஓர் எண்ணெயின் வாசனையும் கலந்திருந்தன. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது அவன் அதை நிறுத்திவிட்டுத்தான் போனான்.

திரையில் ஆறு மணி நாற்பது நிமிடம்.

கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். பிழை. மென்பொருளில் ஏதோ பிழை. கண்ணால் பார்த்துவிட்டால் எழுதிவிடலாம். ஐந்து நிமிடம் போனது. பெட்டி வந்தது.

இருக்கிறீர்களா?

மவுஸ் மெல்ல நகர்ந்தது. நிதானமாக. பழகிய கை நகர்த்துவதைப் போல. டிக்.

ஆம்.

பாய்ந்து மவுஸின் வயரைப் பிடுங்கினான். விசைப்பலகையின் வயரையும் பிடுங்கினான். மறுபடி சுவரோரம் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. திரை அசையவில்லை.

டக்.

எதோடும் இணைப்பில்லாத பலகையில் ஒரு விசை கீழே இறங்கி எழுந்தது.

டக். டக்.

பிறகு வேகமாக. இரண்டு கைகளும் சேர்ந்து.

சுவரில் முதுகை அழுத்திக்கொண்டான்.

“என்னங்க,” அடுப்படியிலிருந்து எஸ்தர் கூப்பிட்டாள். “டீ ஆறுது. வாங்க.”

விசைகள் நின்றன.

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தான். அதன் மெத்தை நடுவில் ஆழமாக அமுங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, அந்தப் பள்ளம் மெதுவாக மேலே எழும்பிச் சமமாகியது. நாற்காலி அரைச் சுற்று சுற்றி நின்றது.

வெதுவெதுப்பு அவன் கன்னத்தை உரசிக் கடந்தது.

அடுப்படிக்குப் போகும் வாசலில் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஒரு ஆள் கடக்கிற நேரம் அப்படியே ஒதுங்கி நின்றது. பிறகு விழுந்தது.

“வந்துட்டீங்களா,” என்றாள் எஸ்தர், திரும்பிப் பார்க்காமல்.

“ம்.”