சப்பீராவின் சீதனப் பெட்டி

காலைப் பலி முடிந்து, எருசலேம் ஆலயத்து அதிகாரி யோவேசர் இன்னும் உட்காரக்கூட இல்லை. தூபம் தயாரிக்கும் குடும்பத்துப் பெண் சப்பீரா தன் சீதனப் பெட்டியைத் தானே தூக்கி வந்து அவர் முன் தொப்பென்று வைத்தாள்.

"நான் ஆலயத் தூபத்தைத் திருடி ஒளிச்சு வெச்சிருக்கேனாம். எல்லார் முன்னாலயும் நீங்களே பாருங்கய்யா!"

பின்னாலேயே மாப்பிள்ளை எலாசாவும், அவன் அண்ணன் தோபியாவும் வந்தார்கள். தோபியா வாசனைப் பொடி வியாபாரி. இடுப்புக் கச்சையைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"நேத்து சீர் பார்க்கப் போனோம். பெட்டியைத் திறந்தா வாசனை தூக்குது. இதுதான் வாசனையே பூசாத குடும்பமா?"

சப்பீரா வீட்டுப் பெண்கள் கல்யாணத்தன்றுகூட வாசனை பூசுவதில்லை. பலிபீடத்துத் தூபத்தில் கைவைத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! அவர்கள் மேல் இப்படியொரு பழி.

யோவேசரின் உதவியாள், வாயில்காவலன் மத்தியா, பெட்டிக்குள் பாய்ந்தான்.

"ஒரு பொடி முடிச்சு இருக்குங்க! ஆலயத் தூப வாசனையேதான்! சே, எறும்பு!" என்று கையை உதறினான்.

"பார்த்தீங்களா? இனி இவங்க குடும்பத்துக்கு ஆலய வேலை போச்சு" என்றான் தோபியா.

"நேத்து தனியா கேட்டதையும் சொல்லுங்களேன்!" சப்பீரா சீறினாள். "தூபக் கலவை ரகசியத்தைச் சொன்னா வாயை மூடிக்கறேன்னீங்க. கல்லெறிஞ்சு கொன்னாலும் சொல்ல மாட்டேன்னேன். இப்பவும் அதேதான்!"

யோவேசர் முடிச்சைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"மத்தியா, இதுல எறும்பு ஏன் வந்துச்சு?"

"இனிப்பு இருக்கும்ங்க."

"தேன். கடைக்காரங்க பொடி ஒட்டிக்கறதுக்குத் தேன் விடுவாங்க. ஆனா பலிபீடத்துல தேன் ஏறக் கூடாதுங்கறது கர்த்தரோட கட்டளை. இவங்க வீட்டுல கனவுலகூட விட மாட்டாங்க. இது ஆலயத் தூபமே இல்ல. கடைச் சரக்கு."

"யார் கடைங்க?" மத்தியா துள்ளினான்.

"தோபியா, வந்ததுலேருந்து கச்சையைத் தட்டிக்கிட்டே இருக்கியே. அதைக் கழட்டு."

கச்சை மடிப்பில் பிசுபிசுவென்று பொடி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள். தோபியா வாசல் பக்கம் நழுவினான். காவலர்கள் அவனை இழுத்துப் போனார்கள்.

எலாசா மெல்ல முன்னால் வந்தான். "சப்பீரா, புதன்கிழமை கல்யாணம் இருக்குல்ல?"

அவள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"உங்க அண்ணன் என்னைத் திருடின்னப்ப உங்க வாயில என்ன ஒட்டியிருந்துச்சு? தேனா?"