கடல் பார்த்த சுவர்

எற்பாட்டு வெயில் உப்பளங்களின்மேல் சாய்ந்துகொண்டிருந்த வேளையில், திரேஸ்புரத்துக்கு வடக்கே பாழடைந்து கிடந்த சங்குக் கிட்டங்கியின், அந்தப் பழைய சேமிப்புக் கூடத்தின், முன் அமலன் வந்து இறங்கினான். பையில் ஸ்ப்ரே டப்பாக்கள் குலுங்கின. துறைமுகச் சாலையின் மதில்களிலும் பாலத் தூண்களிலும் தன் பெயரை எழுதித் தீர்த்தவன் அவன். பெயர் வேட்கை கள்ளினும் கொடிது. குடிக்கக் குடிக்க வறளும். கடலில் போகும் படகெல்லாம் பார்க்கும் இந்தக் கிட்டங்கிச் சுவர் ஒன்றே எஞ்சியிருந்தது.

அதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. கருந்தாரில், ரோச்.

"அதுமேல அடிக்காதலே," என்றாள் படம்பிடிக்க உடன்வந்த தோழி விஜிலா. "கடல்ல போயி உடம்பு கிடைக்காதவரு. அவிய வீட்டுல எழுதுனது. இங்கன எழுதுன பேரு கடலுக்குச் சொந்தம்."

"செத்தவனுக்கு எதுக்குளா இம்புட்டுப் பெரிய சுவரு? லைக்கா வாங்கப் போறான்?"

பிறன் பெயர்மேல் தன் பெயரை ஏற்றுவதே சுவரெழுதும் அவன் கூட்டத்தில் வெற்றி. வெள்ளை அடித்தான். அதன்மேல் ஆளுயரச் செவ்வெழுத்தில் 'அமலன்' என்று எழுதி, இறுதிப் புள்ளியை வைத்தான்.

காற்று நின்றது.

அலை பாறையில் மோதிச் சிதறியது; ஓசை எழவில்லை. அழுகிய சங்குச் சதையின் வாடை மூக்கை அடைத்தது.

"எடுத்தியாளா?" என்று திரும்பினான்.

விஜிலா கைபேசியை ஏந்தியபடி நேராகப் பார்த்தாள். அவள் பார்வை அவனை ஊடுருவிச் சுவரில் போய் நின்றது.

"ஏலே அமலா! எங்கலே போய்ட்ட? விளையாடாத."

"இங்கனதாம்ளா நிக்கேன்!"

அவள் செவியில் அது விழவில்லை.

தோளைப் பற்றினான். பனிக்கட்டி பட்டவள்போல் துள்ளி, அவன் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டே ஊரை நோக்கி ஓடினாள்.

அப்போது கரை திரும்பும் வள்ளம் ஒன்று சுவரின் எதிரே எஞ்சினை அணைத்தது. அதிலிருந்தவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். பின் ஒருவர்பின் ஒருவராக, இறந்தவனுக்குச் செய்வதுபோல், நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்கள்.

"சாகல! நான் சாகல!"

வள்ளம் போய்விட்டது.

அவன் காதருகே, தொண்டையில் உப்புநீர் கொப்பளிக்க, யாரோ மெல்லச் சொன்னார்கள்:

"எல்லாரும் ஒம்பேரத்தாம்லே பாக்காவ. போதுமா?"

ஊர் திரண்டு வந்து தேடியது. டப்பாக்கள் மட்டுமே கிடைத்தன. ஆனால் அந்தச் சுவரின் அடியில் இருவர் முதுகு சாய்த்து அமர்ந்த அளவுக்கு ஈரம் படிந்திருக்கிறது. சித்திரை மாதத்து உச்சிவெயிலிலும் அது காய்வதில்லை.