திறக்க மறுத்த டிக்கி

ஞாயிறு. காலை 8.10.

வினிஃப்ரெட் ஓல்ட்ராய்டு சாவியைத் திருகினாள். 'டக்'. டிக்கி வெண்ணெயாகத் திறந்தது. தார்ன்பெக் கிராமத்துப் புல்வெளியில் கூடியிருந்த எங்கள் பழைய கார் சங்கத்தார் நாற்பது பேரும் நாலாயிரம் பேர் மாதிரி கைதட்டினோம். பின்னே? முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அந்த டிக்கியோடு மல்லுக்கட்டியிருந்தோமே! இழுத்தோம், தட்டினோம், கொஞ்சினோம். சாவிதான் சும்மா சுற்றியது; மூடி அசையவில்லை. "விடுங்க, காலையில பாத்துக்கலாம். பரிசுக் கோப்பை உள்ளதான இருக்கு, எங்க போயிடும்?" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அவள் கிராமக் கூடத்தில் நடந்த சங்க விருந்துக்கு வந்துவிட்டாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருந்தது. ஜாக்கி இருந்தது. கோப்பை இல்லை.

சங்கத்து விதி கல்வெட்டு மாதிரி. போன வருடம் ஜெயித்தவர் பதினோரு மணிக்குள் கோப்பையை நடுவர் மேசையில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வண்டிக்குப் போட்டியில் இடமில்லை. ஆளுக்குச் சங்கத்தில் இடமில்லை. வினிஃப்ரெட்டோ அந்தக் கரும்பச்சை வண்டியைத் துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கி, பதினோரு வருடம் தன் இரண்டு கையாலேயே எழுப்பியவள். அதன் பானெட்டில் உட்கார வந்த ஈ ஒன்று, பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

காலை 8.25.

ஹில்டா சக்டன் தேநீர்க் கோப்பையோடு வந்தாள். முப்பத்தோரு வருடம் லீட்ஸ் நகரத் தெருக்களில் தப்பாக நிறுத்திய வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவள். அவள் பார்வை பட்டால் நகர்ந்து போகிற பஸ்கூட ஓரம் கட்டும்.

"அழாத கண்ணு. கடைசியா யாரு வண்டிய தொட்டது?"

"நான்தான். நேத்து ஏழு மணிக்கு எல்லாக் கண்ணாடியையும் ஏத்திட்டுத்தான் சாப்பிட வந்தேன். கதவ யாரு பூட்டுறா இங்க?"

"அப்ப இது?" ஹில்டா இடது பின்கதவைக் காட்டினாள். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரவு பெய்த மழையில் அந்தப் பக்கத்துச் சீட்டு ஈரம்.

வினிஃப்ரெட் முகம் சிவந்தது. ஹில்டாவின் காதில் கிசுகிசுத்தாள். "வெளிய சொல்லாத. வண்டிக்குள்ள தண்ணி ஒழுகுச்சு. வெள்ளிக்கிழமைதான் பின்கதவு ரெண்டுக்கும் புது ரப்பர் மாட்டினேன். முன்கதவுக்கு நேரமில்ல. ஒரு ஆளுக்கும் தெரியாது." வண்டி ஒழுகுகிறது என்று ஒத்துக்கொள்வதைவிட வயதை ஒத்துக்கொள்வது எங்களுக்கு எளிது.

ஹில்டா அந்தக் கதவைத் திறந்து மூடினாள். பிறகு கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து இன்னொரு தரம். "ஓகோ" என்றாள். பின்சீட்டின் சாய்வைப் பிடித்து இழுத்தாள், கழன்று வந்தது. அந்தச் சந்து வழியாக டிக்கிக்குள் கை தாராளமாகப் போனது. இந்த வித்தை எங்கள் சங்கத்தில் நாற்பது பேருக்கும் தெரியும். மறுநாள் பதினோரு மணிக்குத்தானே கோப்பை வேண்டும் என்று நேற்று ஒருவரும் சீட்டைக் கழற்றவில்லை. கடைசியாக டார்ச் அடித்து டிக்கிப் பூட்டின் உள்பக்கம் பார்த்தாள். ஏதோ பளிச்சென்றது. தேநீரைக் குடித்து முடித்தாள்.

காலை 9.30.

எட்டரைக்கு மேல் விடியும்வரை எல்லோரும் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் படுத்திருந்தோம். விருந்து நடந்த ஏழிலிருந்து எட்டரைக்குள் கூடத்தைவிட்டு வெளியே போனவர்கள் மூன்றே பேர்.

"ராட்னி, நீ எங்க போன?" என்று ஆரம்பித்தாள் ஹில்டா.

"சுருட்டு புடிக்க. என்ன, அதுக்கும் சீட்டு எழுதப் போறியா?" ராட்னி இல்லிங்வர்த் பேசினால் பக்கத்து மலையில் ஆடு கலையும்.

"தலைவரே, நீங்க?"

"பொண்டாட்டிக்கு போன் பேச. அவதான் பேசினா, நான் கேட்டேன்." இவர் சங்கத் தலைவர் டெஸ்மண்ட் பூல்.

"கிளெமெண்ட்?"

"என் வண்டிக்கு உறை போட. மழை வரும்போல இருந்துச்சு." கிளெமெண்ட் பிரெய்த்வெய்ட். மெல்லிய ஆள், மெல்லிய விரல்கள். ஆறு வருடமாக இரண்டாம் பரிசு.

"வினிஃப்ரெட் வண்டிய தொட்டியா?"

"டிக்கிய இழுத்தப்ப எல்லாரோடயும் தொட்டேன். கதவுப் பக்கமே போகல."

காலை 10.20.

மேசையைச் சுற்றி முணுமுணுப்பு எழுந்தது. அவளே விற்றிருப்பாள் என்றுகூட ஒருவர் ஆரம்பித்தார். வினிஃப்ரெட் கேட்காதது மாதிரி பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

ஹில்டா தன் மழைக்கோட்டைப் பின்சீட்டில் போட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். "குளிருது கண்ணு. அந்தக் கோட்ட எடுத்துட்டு கதவ சாத்திட்டு வா."

ராட்னி சாத்தினான். கதவு திரும்பி வந்து அவன் முழங்காலில் இடித்தது. மறுபடி சாத்தினான்; மறுபடி வந்தது. "என்ன கழுத கதவு இது!"

தலைவர் சாத்தினார், தோளால் தள்ளினார், இடுப்பால் முட்டினார். கதவு அவரைத் தள்ளிவிட்டது.

கிளெமெண்ட் வந்தான். கோட்டை எடுத்தான். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான். இரண்டே விரலால் கதவைத் தொட்டான். 'டக்'. தேவாலயக் கதவுகூட அவ்வளவு பணிவாகச் சாத்தாது.

"அடடா" என்றாள் ஹில்டா. உண்மையான பரவசத்தோடுதான் சொன்னாள். "கண்ணாடிய ஏன் இறக்கின?"

கிளெமெண்ட் விழித்தான். "புது ரப்பர் தடியா இருக்கும். உள்ள காத்து அடைச்சுக்கும், கதவு எதுத்துத் தள்ளும். காத்து போக வழி விடணும். இது எல்லாருக்கும் தெரியுமே?"

"தெரியும். ரெண்டு தடவ இடி வாங்கினப்புறம். நீ ஒரு இடிகூட வாங்கல. அப்ப நேத்தே வாங்கிட்ட."

"பாத்தாலே புது ரப்பர்னு தெரியுது!" கிளெமெண்ட் சுதாரித்துக்கொண்டான்.

ஹில்டா தோளைக் குலுக்கினாள். "இருக்கலாம். நான் யோசிச்சது வேற. நேத்து நாப்பது பேர் இழுத்தும் வராத டிக்கி, இன்னைக்கு எப்படித் திறந்துச்சு? கைதட்டினோமே தவிர ஒருத்தரும் அதக் கேக்கல. திருடன் சீட்டு வழியா உள்ள கைய விட்டிருக்கான். பூட்டுலேர்ந்து தாழ்ப்பாளுக்குப் போற கம்பி கழண்டு தொங்கினதப் பாத்திருக்கான். கோப்பைய எடுத்துட்டுப் போயிருக்கலாம். மனசு கேக்கல, கம்பியத் திரும்ப மாட்டிட்டுப் போயிட்டான். ஆனா பாவம், அரைகுறை வேலை. ஒரு வாரத்துல கழண்டு விழுந்துடும்."

"விழாது!" கிளெமெண்ட் கத்தினான். "செப்புக் கம்பியில மூணு முறுக்கு போட்டிருக்கேன்! நீ செத்தாலும் அது விழாது!"

கத்திய பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"மூணு முறுக்குதான்" என்றாள் ஹில்டா மெதுவாக. "நானும் டார்ச் அடிச்சு எண்ணினேன். கோப்பை எங்க கண்ணு?"

"என் சாப்பாட்டுக் கூடையில. பன்றிக்கறி அப்பத்துக்கு அடியில." அவன் தலை தொங்கியது. "அவ இல்லாத ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், ஜெயிச்சுப் பாக்கணும்னு..."

"மழைக்குக் கண்ணாடியத் திறந்து போட்டுட்டுப் போனியேய்யா!" என்று பாய்ந்தாள் வினிஃப்ரெட்.

"திரும்ப வந்து ஏத்தலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ராத்திரி பூரா தூங்கல. அந்தச் சீட்டு நல்ல தோலு."

காலை 10.58. கோப்பை மேசைக்கு வந்தது. தலைவர் பேனாவைத் திறந்து, கிளெமெண்டின் பெயரைச் சங்கப் பட்டியலிலிருந்து அடிக்கக் குனிந்தார்.

வினிஃப்ரெட் அங்கே இல்லை. டிக்கியின் பக்கத்தில் நின்றாள். திறந்தாள். மூடினாள். திறந்தாள். ஏழு தரம். பிறகு கோபமான முகத்தோடு வந்தாள்.

"இருங்க தலைவரே. நேத்து டிக்கி மாட்டிக்கிட்டதிலேர்ந்து என்னன்னே எனக்குப் புரியல. இவன் தலைகீழா படுத்துக்கிட்டு, பாக்காமலே, கால் மணி நேரத்துல முடிச்சிருக்கான். இந்த வருஷம் இவன் வண்டியத் தள்ளி வைங்க. ஆளத் தள்ளாதீங்க." கிளெமெண்டின் பக்கம் திரும்பினாள். "திருட்டுப் பயலே! முன்கதவு ரெண்டுக்கும் இன்னும் ரப்பர் மாட்டல. செவ்வாய்க்கிழமை காலையில வந்து சேரு."

சாயங்காலம் கோப்பை மறுபடி வினிஃப்ரெட்டுக்கே போனது, அரை மதிப்பெண் வித்தியாசத்தில். டிக்கிப் பூட்டுக்கு மட்டும் நடுவர்கள் முழு மதிப்பெண் போட்டார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் கிளெமெண்ட்.